அவன் அப்படிச் செய்ய மாட்டானே!

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனை கேரம் கிளப். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். போர்டில் பவுடர் தூவி, காய்களை நடுவில் அடுக்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. யாரும் ஸ்டிரைக்கரைத் தொடவில்லை. காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும் பையன் ஒருவன் 'சிவில் வார்' காமிக்ஸை ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிட்டு வந்திருந்தான். சினிமாவாக வந்தது இல்லை; 2006-07இல் மார்வெல் ஏழு இதழ்களாகப் போட்ட மூலக்கதை. அதன் கடைசி இதழில் கேப்டன் அமெரிக்கா, ஜெயிக்கப் போகிற நேரத்தில் சண்டையை நிறுத்திவிட்டுச் சரணடைந்துவிடுகிறார். அதைத்தான் பையனால் தாங்க முடியவில்லை.

"அயர்ன் மேன் கீழ கெடக்குறான்ணா. இன்னும் ஒரே அடி. அந்த நேரத்துல போயி கேப்டன் கைய நீட்டுறான், விலங்கு மாட்டுங்கன்றான். அவன் அப்படிச் செய்ய மாட்டான்ணா!"

எதிரே உட்கார்ந்திருந்தவன் விடவில்லை. "பொதுஜனம் அடிபடுதுன்னு தெரிஞ்சா நிறுத்துவான்டா. அதான்டா கேப்டன்."

இருவரும் தீர்ப்புக் கேட்டு என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா கேட்டார்: "தோத்தது சரி. எப்டி தோத்தான்?"

பெரியப்பா ஒரு காமிக்ஸ்கூடப் படித்தவர் இல்லை. வாலிபத்தில் குத்துச்சண்டை கிளவுஸ் மாட்டியவர், அவ்வளவுதான். ஆனால் ஐம்பது வருடமாக உலகம் முழுக்கக் காமிக்ஸ் ரசிகர்கள் கிராஸ்ஓவர் கதைகளை வைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையின் மையம் அந்த இரண்டு சொல் கேள்விக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிராஸ்ஓவர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: தனித்தனிக் கதைகளில், தனித்தனி எழுத்தாளர்கள் கையில் வளர்ந்த ஹீரோக்களை ஒரே கதையில் கொண்டுவந்து சேர்ப்பது. இதில் இரண்டு வகை உண்டு. ஒரே கம்பெனியின் ஹீரோக்கள் தங்களுக்குள் சேர்வது ஒன்று. 'சிவில் வார்' அந்த வகை. போட்டிக் கம்பெனிகளான மார்வெலும் டிசியும் கை குலுக்கிக்கொண்டு, இவர்கள் வீட்டுப் பிள்ளையையும் அவர்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒரே களத்தில் இறக்குவது இன்னொன்று. இரண்டாவது வகை எவ்வளவு சிக்கலானது என்பதைத் தமிழ் ரசிகர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1954இல் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் 'கூண்டுக்கிளி'யில் சேர்ந்து நடித்தார்கள். நண்பனின் மனைவி மேல் ஆசைப்படுகிறவராகச் சிவாஜி, அந்த நண்பனாக எம்.ஜி.ஆர். படம் ஓடவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஒரு படத்தில்கூடச் சேரவில்லை. ஒருவரை உயர்த்தினால் இன்னொருவரின் ரசிகன் காயப்படுவான் என்ற கணக்கு நமக்குப் பழையது.

வட சென்னைக்கு இன்னும் பழையது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த ஊர் இது. எந்தப் பரம்பரையிலிருந்து யார் இறங்குகிறார், அவருக்கு எதிரே யாரை நிறுத்துகிறார்கள் என்பது ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக இருந்திருக்கிறது. பெரியப்பா சொல்லுவார்: தன் ஆள் தோற்றுவிட்டு வந்தால் பரம்பரை அவனை வாரி எடுத்துக்கொள்ளும். ஆனால் முதுகைக் காட்டிவிட்டு வந்தால், அடி வாங்காமலேயே விழுந்துவிட்டால், தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஏனென்றால் அவன் சண்டையை மட்டும் தோற்கவில்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததையும், இத்தனை நாள் தான் யாராக இருந்தானோ அதையும் சேர்த்துத் தோற்றுவிட்டான்.

காமிக்ஸ் ரசிகனின் கோபமும் இதுவேதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை "எங்க ஆளுதான் பெரிய ஆளு" என்கிற சின்னப்பிள்ளைச் சண்டையாக நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட சண்டையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வருடக்கணக்கில் ஆறாமல் இருக்கிற கோபங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் யார் ஜெயித்தார் என்பதைப் பற்றியது ரொம்பக் குறைவு. பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் முடியும்: அவன் அப்படிச் செய்ய மாட்டானே.

அன்றைக்குப் பெரியப்பாவிடம் என் போனில் ஒரு பழைய காமிக்ஸின் பக்கங்களைக் காட்டினேன். 1978இல் டிசி பெரிய அளவுப் புத்தகமாகப் போட்ட கதை: சூப்பர்மேனும் முகமது அலியும் மோதுவது. டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் எழுதினார்கள். படம் வரைந்தவர் ஆடம்ஸ். வேற்றுக்கிரகப் படை ஒன்று வந்து பூமியின் சிறந்த வீரனை அனுப்பு என்று மிரட்டுகிறது. அந்த வீரன் யார் என்று முடிவுசெய்ய இவர்கள் இருவரும் முதலில் மோத வேண்டும். சிவப்புச் சூரியனின் கீழ் மோதல். அங்கே சூப்பர்மேனுக்குச் சக்தி கிடையாது. அலியிடம் கற்றுக்கொண்ட கொஞ்சம் குத்துச்சண்டை மட்டுமே கையில் இருக்கிறது.

சூப்பர்மேன் தோற்கிறார். சாதாரணமாகத் தோற்கவில்லை, முகம் வீங்கி, கை தொங்கிப் போகிற அளவுக்கு அடி வாங்குகிறார். ஆனால் விழவில்லை. நின்றுகொண்டே இருக்கிறார். அடித்த அலிக்கே தாங்காமல் கையை நிறுத்திவிட்டு, சண்டையை நிறுத்தச் சொல்லி நடுவரிடம் கேட்கிறார். ஆட்டம் நின்ற பிறகுதான் சூப்பர்மேன் சாய்கிறார்.

பெரியப்பாவுக்கு அலி என்றால் உயிர். 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர். அதனால் அலியின் படங்களைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது சூப்பர்மேனை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அந்த நிற்கிற படத்தையே பார்த்தார். "இவன் விழல பாத்தியா," என்றார். "வாத்தியாரு நிறுத்துன்னு சொல்றவரைக்கும் இவன் விழ மாட்டான்."

எப்பேர்ப்பட்ட ஹீரோ, உலகத்திலேயே பலசாலி, ஒரு நிஜ மனிதரிடம் அடி வாங்கித் தோற்கிறார். சூப்பர்மேன் ரசிகன் கொதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் அவர்கள் செல்லமாகத்தான் வைத்திருக்கிறார்கள். காரணம் அந்த நிற்கிற படம். சக்தியை எடுத்துவிட்டால் சூப்பர்மேனில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பதிலை அந்தத் தோல்விக்குள்ளேயே வரைந்துவிட்டார்கள். முடிவில் அலி, நாம் இருவருமே பெரியவர்கள் என்ற பொருளில் பேசுவது மரியாதைக்காகச் சேர்த்த வசனம் இல்லை. கதை அந்த இடத்தைச் சம்பாதித்திருக்கிறது.

சரி, எல்லா கிராஸ்ஓவரும் இப்படி வந்திருக்கலாமே, ஏன் வருவதில்லை?

கம்பெனிகளுக்கு இடையிலான கதைகளில் முதல் தடை, சமநிலைக் கணக்கு. 1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் முதன்முதலாகச் சந்தித்தபோது அமைந்த வழி இன்றைக்கும் மாறவில்லை: தவறான புரிதலால் முதலில் மோது, யாரும் முழுசாக ஜெயிக்காதே, பிறகு சேர்ந்து வில்லனை அடி. டிசியின் ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் அவெஞ்சர்ஸும் சேரும் கதையை 1983இலேயே ஜார்ஜ் பெரெஸ் வரைய ஆரம்பித்துவிட்டார். இரண்டு பக்கத்து ஆசிரியர்களுக்கும் கதையில் ஒத்துப்போகாமல் அது நின்றுபோனது. அதே பெரெஸ், குர்ட் பியூசிக் எழுத, 2003-04இல்தான் அதை முடித்துக்கொடுத்தார். இருபது வருடம்! அந்தக் கதையில் சூப்பர்மேன் தோரை வீழ்த்துகிறார். அதைப் பற்றித் தோர் ரசிகர்கள் இன்னும் முணுமுணுப்பார்கள். ஆனால் அதே கதையின் உச்சத்தில் சூப்பர்மேன் கையில் தோரின் சுத்தியலும் கேப்டனின் கேடயமும் சேர்ந்து இருக்கும் படம் வந்ததும் முணுமுணுப்பு அடங்கிவிடும். தகுதி உள்ளவன் மட்டுமே தூக்கக்கூடிய சுத்தியல் அது. அந்த நெருக்கடி நேரத்தில், அடித்தவன் கையில் இருக்க அந்தச் சுத்தியலே ஒப்புக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரான சோதனை 1996இல் நடந்தது. மார்வெலும் டிசியும் சேர்ந்து நான்கு இதழ்கள் போட்டார்கள். எழுதியவர்கள் ரான் மார்ஸும் பீட்டர் டேவிட்டும். மொத்தம் பதினொரு மோதல்கள். அவற்றில் ஐந்தின் முடிவை வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார். மற்ற மூன்று மார்வெலுக்குப் போனது: ஸ்பைடர்மேன் சூப்பர்பாயை வென்றார், வுல்வரின் லோபோவை வென்றார், ஸ்டார்ம் வொண்டர் வுமனை வென்றார்.

ஓட்டு என்ன சொல்லும்? யாரை எனக்கு அதிகம் பிடிக்கும் என்று சொல்லும். யார் ஜெயிப்பார் என்று சொல்லாது. அந்த நேரத்தில் எக்ஸ்-மென் புத்தகங்கள் விற்ற விற்பனைக்கு, அந்தக் குழுவின் வுல்வரினும் ஸ்டார்மும் ஜெயித்ததில் ஆச்சரியமே இல்லை. பாவம் எழுத்தாளர்கள். முடிவை வாசகர்கள் கையில் கொடுத்துவிட்டு, அந்த முடிவுக்குப் போகிற பாதையை மட்டும் இவர்கள் கட்ட வேண்டும்.

கட்டின விதத்தில்தான் வித்தியாசம் தெரிகிறது. லோபோ கிட்டத்தட்ட அழிக்கவே முடியாத வேற்றுக்கிரக முரடன். அவனை வுல்வரின் எப்படி அடிப்பார்? இருவரும் ஒரு பாரில் மோதி, கவுண்டருக்குப் பின்னால் விழுகிறார்கள். நமக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வுல்வரின் மட்டும் எழுந்து வருகிறார், சுருட்டோடு. அவ்வளவுதான். லோபோ ரசிகர்களுக்கு இன்றுவரை அது ஆறாத புண். தோற்றதற்காக இல்லை, தோல்வியைக் காட்டாமல் மறைத்ததற்காக. குத்துச்சண்டை நடந்த கண்ணப்பர் திடலில் ஒரு சண்டையை இப்படித் திரை போட்டு மூடிவிட்டு முடிவை மட்டும் அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "சேர் பறந்திருக்கும்" என்றார்.

வொண்டர் வுமன் தோற்ற விதம் வேறு. அந்தக் கதையில் தோரின் சுத்தியல் அவர் கைக்கு வருகிறது. அவரால் அதைத் தூக்கவும் முடிகிறது. ஸ்டார்மோடு மோத வேண்டிய நேரம் வந்ததும் அதைக் கீழே வைத்துவிடுகிறார், இது நியாயமான சண்டையாக இருக்காது என்று. பிறகு ஸ்டார்மின் மின்னலில் வீழ்கிறார். எனக்கு இது அந்த நான்கு இதழ்களிலேயே சிறந்த கட்டம். ஓட்டில் தோற்றாக வேண்டிய ஒருவருக்கு, அவருடைய குணத்திலிருந்தே ஒரு தோல்வியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வொண்டர் வுமன் ரசிகர்களில் ஒரு பகுதி இதை ஏற்கவில்லை. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது: நேர்மை என்ற பெயரில் பெண் வீராங்கனையை மட்டும் ஆயுதத்தைக் கீழே போட வைத்தது ஏன்? இந்த வாதம் முடியவில்லை, முடிய வேண்டியதும் இல்லை. கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கமும் பேசுவது பலத்தைப் பற்றி இல்லை என்பதைத்தான்.

ஓட்டு என்று வந்ததால் ஜேசன் டாட் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் பேட்மேனின் இரண்டாவது ராபின் சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று டிசி போன் மூலம் ஓட்டு நடத்தியது. சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. பையன் செத்தான். ஒரு வார்டு கவுன்சிலர் தேர்தலில்கூட இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். இது கிராஸ்ஓவர் இல்லைதான். ஆனால் ரசிகன் கையில் பாத்திரத்தின் உயிரையே கொடுத்துப் பார்த்த நேரம் என்பதால் இந்தப் பேச்சில் அது தவறாமல் வந்துவிடும்.

இனி கேரம் கிளப் சண்டைக்கு வருவோம்.

'சிவில் வார்' கதை இதுதான். இளம் ஹீரோக்கள் குழு ஒன்று டிவி நிகழ்ச்சிக்காக வில்லன்களைப் பிடிக்கப் போக, ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊரில் வெடித்து 600க்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட. அரசாங்கம் சட்டம் கொண்டுவருகிறது: சக்தி உள்ள ஒவ்வொருவரும் தன் உண்மைப் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அயர்ன் மேன் சட்டத்தின் பக்கம். கேப்டன் எதிர்ப் பக்கம். கதையின் கரு அபாரமானது. எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் ஸ்டீவ் மெக்னிவன்.

ஆனால் இப்படிப்பட்ட பெரிய கிராஸ்ஓவர் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்டால்தான் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். முதலில் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பெரிய கதையை முடிவுசெய்கிறார்கள். மையக் கதை ஒரு தொடரில் ஓடும். அதோடு ஒட்டிய கிளைக்கதைகள் அந்தந்த ஹீரோவின் சொந்தத் தொடரில், அந்தந்த எழுத்தாளர் கையில் ஓடும். பல வருடமாக ஒரு பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்த எழுத்தாளர், திடீரென்று ஒரு மாதம், இந்த மாதம் உன் ஆள் இதைச் செய்தாக வேண்டும் என்ற உத்தரவோடு எழுத உட்கார வேண்டும். பாத்திரம் போகிற வழியில் கதை போகாது. கதை போகிற வழிக்குப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இழுத்த இடத்தில் தையல் பிரிவது கூர்ந்து படிக்கிற ரசிகன் கண்ணுக்குத் தப்பாது.

'சிவில் வா'ரில் தையல் பல இடத்தில் பிரிந்தது. அந்தச் சட்டம் சரியாக என்ன சொல்கிறது என்பதே ஒவ்வொரு தொடரில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஓரிடத்தில் அது லைசென்ஸ் மாதிரி. இன்னோரிடத்தில் கட்டாய ராணுவச் சேவை மாதிரி. அயர்ன் மேன் தன் பழைய நண்பர்களை வேறொரு பரிமாணத்தில் கட்டிய சிறையில் அடைக்கிறார். தோரைப் போல ஒரு நகலைச் செய்து இறக்க, அது கோலியாத் என்ற ஹீரோவைக் கொன்றுவிடுகிறது. சட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்த வாசகனைக்கூட இந்த இடங்கள் விரட்டிவிட்டன. இரண்டு பக்கமும் சரி என்று தோன்ற வேண்டிய கதையில், ஒரு பக்கத்தை வில்லன் வேலை செய்ய வைத்துவிட்டார்கள்.

ஸ்பைடர்மேன் இரண்டாவது இதழில் நிருபர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்கிறார். தன்னை நேசிக்கிறவர்களைக் காப்பாற்றத்தான் இத்தனை வருடம் பெயரை மறைத்தவர் அவர். அவர் கழற்றியதன் விளைவாக மே அத்தைக்குக் குண்டு பாய்கிறது. அத்தையைக் காப்பாற்ற 2007இல் வந்த அடுத்த கதையில் மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு பேரம் பேசி, தன் கல்யாணத்தையே நடக்காததாக ஆக்கிக்கொள்கிறார். எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியே அந்த முடிவோடு உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. பொறுப்பு என்ற ஒற்றைச் சொல்லின் மேல் கட்டிய பாத்திரம், தன் செயலின் விலையைக் கொடுக்காமல் சாத்தானிடம் கணக்கைத் தீர்த்துக்கொண்டால், வாசகன் அதை எப்படி மன்னிப்பான்?

கேப்டனின் சரணடைவு இந்த வரிசையில் சேராது என்பது என் கட்சி. அவரைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது சூப்பர் ஹீரோக்கள் இல்லை. போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ்காரர் என்று சாதாரண ஆட்கள் மேலே விழுந்து பிடிக்கிறார்கள். அப்போதுதான் சுற்றிலும் இடிந்து கிடக்கிற ஊரைப் பார்க்கிறார். வாதத்தில் நாம் ஜெயிக்கவில்லை, சண்டையில் மட்டும் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிகிறது. அவர் யாருக்காக நின்றாரோ அவர்களே அயர்ன் மேனை விடு என்கிறார்கள். இது கேப்டன் செய்யக்கூடியதுதான். அதைச் சொல்ல அந்தக் கடைசி இதழில் போதுமான பக்கங்கள் கொடுக்கவில்லை, அவசரமாக முடிகிறது. பையனின் கோபம் பாதி அந்த அவசரத்தின் மேல்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பில் அயர்ன் மேன் பக்கம் பேசுகிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் வாசகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள், மார்வெலே "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டுத்தான் விளம்பரம் செய்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. பெயரைப் பதிவு செய் என்ற சொல் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வேறு மாதிரிக் காதில் விழும். முகவரியைச் சொன்னதும் முகம் மாறுகிற இன்டர்வியூக்களைப் பார்த்த பையன்கள் இவர்கள். ஒரு தடவை சந்தேகத்தில் அழைத்துப் போய்ப் பெயரை எழுதிக்கொண்டால் அந்தப் பெயர் லேசில் அழியாது என்று அம்மாக்கள் பயப்படுகிற தெருக்கள் இவை. தமிழ்நாட்டுக்கே இந்த நினைவு உண்டு: வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், நம் ஆட்கள் வாயில் கைரேகைச் சட்டம், 1911 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்து 1947இல்தான் ஒழிந்தது. பிறப்பினால் ஒருவனைச் சந்தேகித்து, ரேகை எடுத்து, பெயரைப் பதிவு செய்யச் சொன்ன சட்டம். அதன் நிழலில் வளர்ந்த ஒரு வாசகன் 'சிவில் வார்' படிக்கும்போது, சட்டத்தின் பக்கம் நிற்கிற அயர்ன் மேனை அவனால் நல்லவனாகப் பார்க்கவே முடியாது. ஒரே பக்கத்தை நியூயார்க்கில் படிப்பதும் எம்.கே.பி. நகரில் படிப்பதும் ஒன்றில்லை.

ரசிகர் கோபம் எப்போதும் சரியா? இல்லை. 2016இல் கேப்டன் அமெரிக்கா ஆரம்பத்திலிருந்தே ஹைட்ரா என்ற வில்லன் கூட்டத்தின் ஆள் என்று ஒரு கதை தொடங்கியபோது, எழுதிய நிக் ஸ்பென்சருக்குக் கொலை மிரட்டல்கள் போயின. கதை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது அசிங்கம். அதே நேரம் அந்தக் கோபத்தின் வேர் சாதாரணமானதில்லை. கேப்டனை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். முதல் இதழின் அட்டையிலேயே அவர் ஹிட்லரின் தாடையில் குத்துகிறார். அமெரிக்கா அப்போது போருக்குள்கூட வரவில்லை. அப்பேர்ப்பட்டவரை நாஜி வாசம் அடிக்கும் கூட்டத்தில் சேர்ப்பது, மாயப் பொருள் ஒன்று வரலாற்றை மாற்றிவிட்டது என்று பிறகு விளக்கினாலும், மனசைச் சுடத்தான் செய்யும்.

"பிறகு விளக்குவது" இந்தத் தொழிலில் ஒரு தனிக் கலை. டிசியின் ஹால் ஜோர்டன் என்ற கிரீன் லேன்டர்ன், தன் ஊர் அழிந்த துக்கத்தில் 1994இல் மூன்றே இதழ்களுக்குள் தன் தோழர்களை வீழ்த்திவிட்டு, அந்த வருடத்தின் பெரிய கிராஸ்ஓவரில் வில்லனாக வந்து நின்றார். எழுதியது அதே ரான் மார்ஸ்தான். முடிவு ஆசிரியர் குழுவுடையது. ரசிகர்கள் சங்கமே வைத்துப் போராடினார்கள், காசு போட்டு விளம்பரம் கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்து, 2004இல், அவர் அதைச் செய்யவில்லை, பாரலாக்ஸ் என்ற பயத்தின் பூதம் அவருக்குள் புகுந்து செய்தது என்று எழுதி அவரை மீட்டார்கள். பேய் பிடித்துவிட்டது என்று சொன்ன மாதிரிதான். எனக்கு இதில் வருத்தம். துக்கம் ஒரு நல்ல மனிதனை உடைக்கும் என்ற கதைக்கு மூன்று இதழ்கள் போதாது, முப்பது வேண்டும். முப்பது கொடுத்திருந்தால் பூதமே தேவைப்பட்டிருக்காது.

பாத்திரம் மாறவே கூடாது என்று கேட்கிற ரசிகர்களோடும் எனக்கு ஒட்டாது. நம் ஊர்க் காமிக்ஸ் வாசகனுக்கு மாற்றம் ஒன்றும் புதிதில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மூலத்தில் முதலில் தப்பான வழியில்தான் போனவர்; பிறகுதான் நல்ல பக்கம் வந்தார். லயன் காமிக்ஸின் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு ஆள்) குற்றச் சக்கரவர்த்தியாகவே அறிமுகமாகி, பிறகு குற்றவாளிகளை வேட்டையாடியவர். பெரும்பாலான ஸ்பைடர் கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். திமிர் பிடித்த ஸ்பைடரின் திமிர், நல்லவனான பிறகும் குறையவில்லை. அதனால்தான் அந்த மாற்றத்தை நாங்கள் கேள்வியே கேட்கவில்லை. பக்கம் மாறினார், ஆள் மாறவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கிராஸ்ஓவர் தினமும் நடந்தது, எந்தக் கம்பெனியும் அச்சடிக்காமலேயே. மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார்? இதில் பெயர்க் குழப்பம் வேறு: ராணி காமிக்ஸில் முகமூடி போட்ட காட்டு வீரனுக்கும் மாயாவி என்றே பெயர் வைத்திருந்தார்கள். "எந்த மாயாவி?" என்ற கேள்வியிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பழைய பேப்பர் கடையிலிருந்து எடைக்கு வாங்கி வந்த ஒரு மாயாவி புத்தகத்தில் கடைசி நான்கு பக்கம் இல்லை. அட்டையும் இல்லை, முதல் பக்கத்தில் யாரோ பேனாவால் கணக்குப் போட்டிருந்தார்கள். மாயாவி மின்சாரம் பாய்ந்து மறைந்துவிட்டார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது, தோழன் ஒருவன் வில்லன் பிடியில் இருக்கிறான். அதோடு நின்றுவிட்டது. நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு ஒரு முடிவு சொன்னோம். என் அத்தை மகன் தன்னுடையதை ரஃப் நோட்டில் பென்சிலால் படமாகவே வரைந்தான். கை மட்டும் நன்றாக வந்திருந்தது. நான்கு முடிவும் வேறு வேறு. ஆனால் நான்கிலும் மாயாவி முதலில் போனது தோழனிடம்தான். வில்லன் தப்பிப் போனாலும் போகட்டும் என்று. அதை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து பெரம்பூரில் ஒரு வாடகை நூல்நிலையத்தில் அதே புத்தகம் முழுசாகக் கிடைத்தது. நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். நாங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட இல்லை. வில்லன் சிக்கிய விதம் எங்களுக்குத் தோன்றவே இல்லாத ஒன்று. அத்தை மகன் மட்டும் விரலை வைத்து ஒரு கட்டத்தைக் காட்டினான். இரும்புக்கை தோழனின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது. வில்லன் அடுத்த கட்டத்தில்தான் ஓட ஆரம்பிக்கிறான்.